அம்மன் தோளில் ஏறிய அணில்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இறங்கும் சரிவில் விதை, உரம், பூச்சிமருந்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற ஆறுக்குட்டிக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. முன்மண்டை வெட்டவெளியாகி, மங்கி குல்லா இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூச்சப்படும் நிலைமை. ஆனாலும் ஊரில் ஒருவர்கூட அவனை 'அவர்' என்று சொல்வதில்லை. கல்யாணமாகாதவன் எத்தனை வயதானாலும் அங்கே பையன்தான். 'வேலாமணியம்மா பையன் கடையில போய் வாங்கு' என்பார்கள். நாமும் 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டிய இடத்தில்கூட வாயைத் திறக்காமல் இருந்துதான் அவன் பிழைப்பு இப்படி ஆனது.

அவனுடைய அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து கடை போட்டவர். தன் தகப்பனாரின் பெயரைப் பையனுக்கு வைத்துவிட்டு, பையன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் என்ன பாவம் செய்தது என்று நீங்கள் கேட்கலாம். பெண் தேடிப் பாருங்கள், தெரியும். ஆறுக்குட்டி என்று சொன்னதுமே பாதிப் பெண்வீட்டில் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பாதி, "அங்க குளிராமே, வருசம் பூரா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டே குடித்தனம் பண்ணோணுங்களா?" என்று இழுப்பார்கள். இந்த இரண்டையும் தாண்டி ஒரு குடும்பம் சம்மதித்து வந்தால், அங்கே மாரியம்மன் பூவோடு காத்திருப்பாள்.

ஆறுக்குட்டியின் அம்மா வேலாமணியம்மாள் பூக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. பக்கத்து எஸ்டேட்டில், தேயிலைக்கு நடுவே, நான்கு தூணும் தகரக் கூரையுமாக ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. பூசாரி பழனியாண்டி, எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மனின் வலத்தோளில் ஒன்றும் இடத்தோளில் ஒன்றுமாகச் செம்பருத்திப் பூவைத் தண்ணீர் தொட்டு ஒட்டிவைப்பார். கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் 'செய்' என்று உத்தரவு. இடத்தோள் பூ விழுந்தால் 'வேண்டாம்'. இந்தக் குடும்பத்தின் குலதெய்வம் கீழே அன்னூர்ப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுகளில் வேலாமணியம்மாளுக்குக் குடலே வெளியே வந்துவிடும். அதனால் குலதெய்வத்தின் பொறுப்புகளையும் எஸ்டேட் அம்மனே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். கடைக்கு ஷட்டர் மாற்றியது, வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கியது எல்லாம் அவளிடம் கேட்டுத்தான் நடந்தது.

பெண் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான் நடக்கும்.

"கண்ணு, உனக்குப் புடிச்சிருக்கா?"

"உங்க இஷ்டமுங்கம்மா."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில். ஆறுக்குட்டி கைகூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பான். பூ விழுவதைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அம்மா பெருமூச்சு விட்டால் இடம் என்று அர்த்தம். இந்து என்று தாராபுரத்துப் பெண் ஒருத்தி, இவன் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்புறம் 'நல்லாத்தான் இருக்குது' என்றாள். அவளை அவனுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அன்றைக்கும் அம்மா பெருமூச்சு விட்டார். அவளுக்குத் திருப்பூர் மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்த அன்று ஆறுக்குட்டி வழக்கம்போலக் கடையைத் திறந்து, கேரட் விதை கேட்டவர்களுக்கெல்லாம் பீட்ரூட் விதையை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போதும் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவன்மேல் எரிச்சல் வருகிற இடம் இதுதான்.

மனிதர்களிடம் பேசத் தெரியாதவனுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் அணில் வந்து சேர்ந்தது. கடைக்குப் பின்னால் ஒரு கல்சுவர். சுவரை ஒட்டி ஒரு சில்வர் ஓக் மரம். அந்த மரத்தில் ஒரு கூட்டம் அணில்கள். கீழே சமவெளியில் பார்க்கிற அணிலைவிடச் சின்னவை, கறுத்தவை. முதுகுக் கோட்டை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ராமர் தடவிக்கொடுத்த கோடு என்று யாராவது ஆரம்பித்தால் ஆறுக்குட்டி பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதோடு அணிலைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிறார்களே என்று உள்ளுக்குள் வருத்தப்படுவான்.

அவனுக்குத் தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. மூடுபனி இறங்கிய காலையில் அணில் கூட்டை விட்டு வராது. வெயில் வந்ததும் முதல் வேலையாகத் தகரக் கூரையில் வயிற்றை அப்பிக்கொண்டு, நாலு காலையும் பரப்பிப் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும். சில்வர் ஓக் பூத்துவிட்டால் சாப்பாட்டுக் கவலை கிடையாது. பூவுக்குப் பூ தலையை நுழைத்துத் தேன் குடித்துவிட்டு, மூஞ்சியெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு திரியும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கறும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறுக்குட்டியின் கடையில் சொட்டுநீர்க் குழாய் வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு முன் ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பது இதனால்தான். ஆண் அணில்கள் நாலைந்து ஒன்றன்பின் ஒன்றாக மரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு பெட்டையைத் துரத்தும். காரியம் முடிந்ததும் அப்பன்மார் அத்தனை பேரும் மாயமாகிவிடுவார்கள். கூடு கட்டுவது, குட்டி வளர்ப்பது, பூனை மோப்பம் பிடித்துவிட்டால் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு கூட்டுக்கு மாற்றுவது எல்லாம் தாயின் தலையில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அணில் வழி மாற்றாது. சுவரின் இந்தக் கல், அப்புறம் இந்தக் குழாய், அப்புறம் இந்தக் கிளை என்று ஒரு தடம் பழகிவிட்டால், நடுவில் நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் உங்கள் மேல் ஏறித்தான் போகும். ஆறுக்குட்டியின் தோள்மேல் ஏறிப் போயிருக்கிறது.

ஆகவே, தோட்டக்காரர்கள் யாராவது வந்து "அணில் தொல்லைங்க, மருந்து இருக்குதுங்களா?" என்று கேட்டால் மருந்து கிடைக்காது, பிரசங்கம்தான் கிடைக்கும். மருந்துக்கடைக்காரனே மருந்து விற்கமாட்டேன் என்றால் எங்கே போவது என்று திட்டிக்கொண்டே எதிர்க் கடைக்குப் போவார்கள்.

அப்படி ஒரு நாள் வந்தவள்தான் கோகிலவாணி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை பாக்டரியில் தூளை ருசி பார்த்துத் தரம் சொல்கிற வேலை. முப்பத்தைந்து தாண்டியவள். ஜாதகக் கோளாறு என்று வந்த வரன்களெல்லாம் தட்டிப்போக, 'போங்கடா' என்று வேலையில் இறங்கிவிட்டவள். கையில் ஒரு நீல ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். அதற்கு ஒரு கை இல்லை.

"ஏனுங்க, கொடியில காயப்போட்ட ஸ்வெட்டருங்க. கையைக் காணோம். அணில்தான் நூல் நூலா உருவிட்டுப் போகுது, என்ற கண்ணாலயே பார்த்தேன். ஏதாச்சும் மருந்து குடுங்க."

ஆறுக்குட்டி ஸ்வெட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஈனப் போகுதுங்க."

"என்னதுங்க?"

"குட்டி போடப் போகுது. கூட்டுக்கு உள்ள மெத்து மெத்துன்னு வெக்கறதுக்குத்தான் கம்பளி நூலை எடுத்திருக்குது. சாக்கு நார், தேங்காய் நார் எல்லாம் வெளிப்பக்கத்துக்குங்க. உள்ளுக்கு நல்ல சாமானாத் தேடும். உங்க ஸ்வெட்டர் நல்ல கம்பளிங்க."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"இன்னொரு கையையும் விட்டுருங்க. பாதிக் கூட்டோட நின்னுபோச்சுன்னா குட்டிக்குக் குளுருமுங்க."

மருந்து கேட்டால் கதை சொல்கிறீர்களே என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் திரும்பவும் கொடியில் போட்டிருக்கிறாள். ரெண்டு வாரம் கழித்து ஆறுக்குட்டியின் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பாக்டரி குவார்ட்டர்ஸில் அவள் வீட்டுக் கூரை இடுக்கில் நீல நிறத்தில் ஒரு பந்து, பந்தின் ஓட்டையில் கண் திறக்காத சின்னத் தலைகள். அதற்கப்புறம் தினமும் சேதி. குட்டி கண் திறந்தது, வெளியே எட்டிப் பார்த்தது, பூனை வந்தது. பூனையைப் பார்த்தால் தாய் எப்படிக் கத்தும் என்று ஆறுக்குட்டி தானே கத்தி, குரலைப் பதிவு செய்து அனுப்பினான். 'சிக்... சிக்... சிக்...' ஒவ்வொரு சிக்குக்கும் வால் ஒருமுறை வெட்டி இழுக்கும் என்று விளக்கம் வேறு. கோகிலவாணி சிரித்துச் சிரித்து, ருசி பார்க்க வாயில் வைத்திருந்த டீயை, துப்புவதற்கென்று வைத்திருக்கிற தொட்டிக்கு வெளியே துப்பிவிட்டாளாம்.

ஒரு நாள் கடைக்கு வந்தவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவள் தொழில் பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, "தண்ணி சரியாக் கொதிக்கலீங்க" என்றாள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

விஷயம் எப்படியோ வேலாமணியம்மாள் காதுக்குப் போனது. அந்த அம்மாள் ஒன்றும் குதிக்கவில்லை. விசாரித்தார். கோகிலவாணியின் அப்பா ரவிச்சந்திரன் கோயம்புத்தூரில் பேங்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மாதிரி. சொந்த முறை எல்லாம் ஒத்துவந்தது. போய்ப் பெண் பார்த்தார்கள். திரும்பி வரும் வழியில் வழக்கமான கேள்வி வந்தது.

"கண்ணு, உனக்குப் புடிச்சிருக்கா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கதோஷம், "உங்க இஷ்டமுங்கம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்பச் சரி. தை பொறந்ததும் வர்ற வெள்ளிக்கெழமை பூக் கேட்டுரலாம். பொண்ணு ஊட்டுக்காரங்களையும் வரச் சொல்லிரு."

அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடியும் அம்மா பெருமூச்சு விட்டால்? இந்து போன மாதிரி இவளும் போய்விட்டால்? இனி ஒருத்தி வரப்போவதில்லை. வந்தாலும் அவள் கோகிலவாணியாக இருக்கப்போவதில்லை. அம்மாவிடம் பேச வேண்டும். அல்லது அம்மனிடம் பேச வேண்டும். இரண்டுக்கும் தைரியமில்லாத ஆறுக்குட்டி அணிலிடம் போனான்.

அந்தக் கோயில் கூரையிலும் அணில் உண்டு. படையல் தேங்காய்க்கும் பழத்துக்கும் பழகியது. வால் நுனி அறுந்த ஒரு பெட்டை. தூண் வழியே இறங்கி, குறுக்குக் கட்டையில் நடந்து, அம்மனுக்குப் பின்னால் வளைவாக நிற்கிற பித்தளைத் திருவாசியில் தாவி, கீழே இறங்குவது அதன் தடம். அந்தத் தடத்தைத் தோள் வரைக்கும் கொஞ்சம் நீட்டிவிட்டால் போதும். மார்கழி முழுக்க, கடை திறப்பதற்கு முன்னால், பூசாரி இல்லாத நேரமாகப் பார்த்து ஆறுக்குட்டி கோயிலுக்குப் போய், வெயில் வந்து அணில் இறங்கும்வரை காத்திருந்தான். முதலில் தோளில் வேர்க்கடலை வைத்தான். அப்புறம் ஒரு செம்பருத்தியை ஒட்டி, அதற்குப் பின்னால் கடலை. பூவை இழுத்துப் போட்டால்தான் கடலை கிடைக்கும். அணிலுக்குச் செம்பருத்தியும் பிடிக்கும் என்பதால் பூவையே தூக்கிக்கொண்டு ஓடவும் பழகியது. பக்கத்தில் நின்று "வா கண்ணு, வா" என்று கொஞ்சுவான். அவன் குரல் கேட்டாலே எங்கிருந்தாலும் ஓடிவரத் தொடங்கியது.

அவன் கோயிலுக்குப் போவதை மட்டும் ஊர் பார்த்தது. பார்த்து வேறு மாதிரி புரிந்துகொண்டது. வேலாமணியம்மா பையனுக்குப் பக்தி முற்றிவிட்டது, மார்கழிக் குளிரில் விடிந்ததும் கோயிலில் நிற்கிறான் என்று பேச்சு. பழனியாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவர், எதையும் நிதானமாகப் பேசுகிறவர். "தம்பி, ஒங்கள மாதிரி ஒரு புள்ளய நான் கண்டதில்ல. ஆனா அம்மா தோள்ல மட்டும் ஏனோ எறும்பு ஏறிக்கிட்டே கெடக்கு, அதான் எனக்கு வெளங்கல" என்றார். ஆறுக்குட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

பூக் கேட்கிற நாளும் வந்தது. வெயில் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவன்தான் சொல்லியிருந்தான். பெரியவர்களுக்குக் குளிருமே என்று காரணம் சொன்னான். கோகிலவாணி பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தாள். ரவிச்சந்திரன் கோட்டு. வேலாமணியம்மாள் தேங்காய் பழத்தட்டோடு முன்னால் நின்றார். தேயிலைமேல் வெயில் விழுந்து கூரைத் தகரம் சூடாகத் தொடங்கியது. மேலே கால் தடதடக்கும் சத்தம் ஆறுக்குட்டிக்கு மட்டும் கேட்டது. வந்துவிட்டாள் என்று சந்தோஷம் பொங்கியது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பூக் கேட்கும்போது அவன் கண்ணைத் திறந்துகொண்டு நின்றான்.

பழனியாண்டி கையை நனைத்து இரண்டு பூவையும் ஒட்டிவைத்தார். புதிதாக வந்தவர்களுக்கு விளங்கட்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"இங்க பாருங்க, இது அம்மாவோட வலது. இந்தப் பூ மொதல்ல விழுந்தா உத்தரவு. இது அம்மாவோட இடது. இது விழுந்தா வேணாம்னு அர்த்தம். வெளங்குதுங்களா?"

ரவிச்சந்திரனுக்கு விளங்கியது. ஆறுக்குட்டிக்கும் விளங்கியது. எதிரே நிற்கிறவனுக்கு வலப்பக்கமாக இருப்பது அம்மனுக்கு இடப்பக்கம். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டே நின்றவனுக்கு அது எங்கே தெரியும்? மார்கழி முழுக்க, குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் வந்து, அவன் அணிலைப் பழக்கியது 'வேண்டாம்' என்கிற தோளுக்கு.

மேலே குறுக்குக் கட்டையில் வால் அறுந்தவள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

ஆறுக்குட்டி இருமினான். அணில் அசையவில்லை. இன்னொரு தடவை பலமாக இருமினான். "தண்ணி குடிச்சுப்போட்டு வந்திருக்கலாமல்ல" என்று அம்மா முணுமுணுத்தார். அணில் திருவாசிக்குத் தாவியது. இனி ஒரே வழிதான் பாக்கி. பூனை வருகிறது என்று அணில் பாஷையில் சொல்லிவிட்டால் ஓடிவிடும். பெரியவர்கள் எல்லாரும் கைகூப்பி மூச்சுக்கூட விடாமல் நிற்கிற அந்த நேரத்தில் மாப்பிள்ளை வாயைக் குவித்தான்.

"சிக்... சிக்... சிக்..."

ரவிச்சந்திரன் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு ஏதாவது வியாதியா என்று கேட்கிற மாதிரி மகளைப் பார்த்தார். மகள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து திருவாசியைப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்த ஒரே மனுஷி அவள்தான். அணிலைக் கண்டதும் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வேலாமணியம்மாள் மகனின் கையைக் கிள்ளினார். வலி பொறுக்காமல் அவன் இன்னும் சத்தமாக "சிக்!" என்றான்.

அவன் மறந்துபோன ஒன்று உண்டு. அந்த அணிலுக்கு அவன் குரல் என்றால் கடலை. பூனையாவது ஒன்றாவது? குரல் கேட்ட சந்தோஷத்தில் திருவாசியிலிருந்து ஒரே தாவல். அம்மனின் இடத்தோளில் இறங்கி, பூவை இழுத்து, பின்னால் கடலையைத் தேடியது. இல்லை. ஒரு நிமிஷம் ஆறுக்குட்டியைக் கோபமாகப் பார்த்தது. அப்புறம், கிடைத்தது மிச்சம் என்று பூவை வாயில் கவ்விக்கொண்டு அம்மனின் கிரீடத்தில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பூவைச் சுற்றிச் சுற்றி, இதழ் இதழாகத் தின்ன ஆரம்பித்தது.

வலத்தோள் பூ ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது.

முதலில் பேசியவர் ரவிச்சந்திரன். "ஏனுங்க பூசாரி, இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"இப்படி ஒண்ண நான் கண்டதே இல்லீங்க" என்றார் பழனியாண்டி. "பூ விழுந்தாத்தான் வாக்கு. இது விழல. களவு போயிருக்கு."

"களவு போனா என்ன, காத்துல போனா என்ன?" என்றார் வேலாமணியம்மாள். முகம் வெளிறியிருந்தது. "அம்மன் எந்த ரூபத்துல வந்து சொன்னாலும் எடம் எடந்தானுங்க. நம்ம குடுத்துவெச்சது அவ்வளவுதான்." சொல்லிவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சுத்தான் ஆறுக்குட்டியை உலுக்கிவிட்டது.

"அம்மன் இல்லீங்கம்மா. நாந்தானுங்க."

"என்ன நீதான்?"

"அந்த அணிலைப் பழக்குனது நாந்தானுங்க. மார்கழி பூரா கடலை வெச்சுப் பழக்குனேன். வலப்பக்கம்னு நெனச்சுத்தான் வெச்சேன். பக்கம் மாறிப்போச்சு."

அணில் இதழைக் கறும்புகிற சத்தம்தான் கேட்டது. பழனியாண்டி மெல்லத் தலையை ஆட்டி, "அதான் எறும்பு" என்றார். கோகிலவாணியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ரவிச்சந்திரன் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

வேலாமணியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாமி தோள்ல கடலை வெச்சா ஏமாத்தப் பார்த்த? அடப்பாவி! ஊரே பக்தி பக்தின்னு மெச்சுது, நானும் நம்பிக்கிட்டு இருந்தனே!" என்று கத்தினார். ஆத்திரம் தீர்ந்ததும் பூசாரி பக்கம் திரும்பினார். "நடந்தது கணக்குல இல்லை. அந்தச் சனியனைத் தொரத்திப்போட்டு வேற பூப் பறிச்சுட்டு வாங்க. மொதல்ல இருந்து கேக்கலாம்."

பழனியாண்டி செம்பருத்திச் செடிக்குப் போனார். ஆறுக்குட்டி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அணிலும் இல்லை, தந்திரமும் இல்லை. வலமும் விழலாம், இடமும் விழலாம். இடம் விழுந்தால் பெண்வீட்டார் பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கப்புறம் அவன் கடையைத் திறந்து, விதை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பான். தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிற அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தான். நெஞ்சு வலிக்கிற மாதிரி ஆசையாக இருந்தது.

"பூ வேண்டாமுங்கம்மா."

தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

"என்ன சொன்ன?"

"பூ எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி, எனக்கு இவங்களைத்தான் கட்டிக்கோணும். எனக்குப் புடிச்சிருக்குங்கம்மா. ரொம்பப் புடிச்சிருக்கு."

கோகிலவாணியின் சிரிப்பு நின்றுவிட்டது. வேலாமணியம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அடி விழும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த அம்மாள் அப்படியே கோயில் படியில் உட்கார்ந்தார்.

"ஏண்டா, இதைச் சொல்றதுக்கு உனக்கு இத்தனை வருசமா?" "ஒவ்வொரு தடவையும் மொதல்ல உன்னையத்தானடா கேட்டேன்? புடிச்சிருக்கா புடிச்சிருக்கான்னு கேட்டேன். உங்க இஷ்டம்னு சொல்லிப்போட்டு சோத்தைத் தின்னுட்டுப் படுத்துக்குவ. உன்ற அப்பனும் இல்லை. நான் ஒருத்தி முடிவு பண்ணி, அது உன்ற வாழ்க்கையைக் கெடுத்துப்போடுச்சுன்னா நான் ஆருகிட்டப் போய் நிக்கறது? நீ வாயைத் தொறக்கல. அதுக்கோசரந்தான் நான் அம்மனைக் கேட்டேன்."

ஆறுக்குட்டி போய் அம்மாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

"முந்திப் பார்த்த பொண்ணுகள்ல ஆரையாச்சும் புடிச்சிருந்துச்சா?" என்று அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தான். அம்மாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து, கோகிலவாணி எதிரில் போய் நின்றார். இத்தனை பெண் பார்த்ததில் எந்தப் பெண்ணிடமும் அவர் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அம்மிணி, உனக்கு? இவனை உனக்குப் புடிச்சிருக்கா?"

கோகிலவாணி தன் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மனையும் பார்க்கவில்லை. ஆறுக்குட்டியை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"புடிச்சிருக்குங்க, அத்தை."

செடிக்குப் போன பழனியாண்டி இரண்டு புதுப் பூவோடு வந்து, "தோள்ல வச்சிரவாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. அம்மன் கால்ல போடுங்க" என்றார் வேலாமணியம்மாள். "கேக்க வேண்டியவங்களைக் கேட்டாச்சு."